வசந்தாமணி தொட்டுப் பார்த்த ஐ.சி.

என் மருமகள் வசந்தாமணி எதையும் நம்பமாட்டாள். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை ஒரு சொட்டு எடுத்து நகத்தின்மேல் விட்டு, வழிகிறதா நிற்கிறதா என்று பார்ப்பாள். மேச்சேரி ஆடு என்று கறிக்கடைக்காரர் சொன்னால் தோலைக் கொண்டுவந்து காட்டச் சொல்வாள். கோவிலில் பூசாரி கொடுக்கிற திருநீறுகூட ஒருமுறை அவள் மூக்கிற்குப் போய்விட்டுத்தான் நெற்றிக்கு வரும். எனக்கு அந்தக் குணம் பிடிக்கும். எனக்கும் சந்தேகம் உண்டு. நான் வாயால் கேட்பேன், அவள் கையால் கேட்பாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அது பிறவிக் குணம் இல்லை. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது என்ன சொன்னாலும் தலையாட்டுகிற பெண்ணாகத்தான் இருந்தாள். அவளை மாற்றியது ஒரு லாரி.

என் மகன் சென்னியப்பன் நல்லவன். நல்லவன் என்றால், டீ வாங்கிக் கொடுத்தவனையெல்லாம் நம்புகிறவன். சங்ககிரியில் ஒரு பழைய லாரி விலைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனான். இவன் போனபோதே வண்டி உறுமிக்கொண்டு நின்றதாம். அணைத்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினார்களாம், ஒரே திருப்பில் கிளம்பியதாம். இவனுக்கு மனசு நிறைந்துவிட்டது. வாங்கிக்கொண்டு நாமக்கல் வந்துவிட்டான். மறுநாள் விடியற்காலையில் பார்த்தால் வண்டி கிளம்பவில்லை. ராத்திரி குளிர்ந்த எஞ்சின் காலையில் தானாகக் கிளம்பாது என்பதுதான் அந்த வண்டியின் வியாதி. அதற்குப் பிறகு தினம் விடிந்தால் தெருவே கூடித் தள்ளும். புதுப்பெண்ணாக வந்த வசந்தாமணியும் முந்தானையைச் செருகிக்கொண்டு தள்ளியிருக்கிறாள்.

ஒரு மார்கழி மாதம் ஓசூர்ப் பக்கம் ஒரு சரிவில் வண்டியை நிறுத்தியிருக்கிறான். காலையில் தள்ளும்போது வண்டி பின்னால் உருண்டு, சுவருக்கும் வண்டிக்கும் நடுவே அவன் வலது கையை நசுக்கிவிட்டது. கை போகவில்லை. பிடிப்புப் போய்விட்டது. ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாத டிரைவர் வேறு எதற்கு ஆவான்? லாரி போயிற்று. என் மகனின் பேச்சும் அதனோடு பாதி போயிற்று.

அவனைப் பார்க்க வந்த வயசான டிரைவர் ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். "பழைய வண்டி பார்க்கப் போனா மொதல்ல எஞ்சின மூடியிருக்கற பேனட்டுல கைய வெச்சுப் பார்க்கோணும் தம்பி. சூடா இருந்துச்சுன்னா, நீ வாரதுக்கு முன்னாலயே கெளப்பி வெச்சுட்டான்னு அர்த்தம். எதையோ மறைக்கறான்."

வசந்தாமணி அவருக்கு மோர் கொண்டுவந்து நீட்டியபடி நின்றாள். அவர் மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது அவள் உள்ளங்கையில் தங்கிவிட்டது.

வீட்டின் முன்னறையில் வாடகை சைக்கிள் கடை போட்டாள். மணிக்கணக்கில் எடுத்துப் போகிற பையன்கள் திரும்பி வந்ததும் ஒவ்வொரு டயரையும் தொட்டுப் பார்ப்பாள். "ஏன்டா, மோகனூர் வரைக்கும் போனியா? சக்கரம் சுடுது" என்பாள். பையன்கள் வெலவெலத்துப் போவார்கள். கொஞ்ச வருஷம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் வீட்டுக்கு வீடு சைக்கிள் வந்துவிட்டது. வாடகை சைக்கிள்கள் சுவரில் சாய்ந்தே கிடந்தன.

அப்போதுதான் அவளுடைய அண்ணன் மயில்சாமி வந்தான். அவனுக்கு ஊருக்கு வெளியே கோழிப்பண்ணை. முட்டை லாரி வாரத்துக்கு எத்தனையோ நடை போகும். கெட்டவன் இல்லை, ஆனால் உதவியைச் சத்தமாகச் செய்கிறவன்.

"அம்மிணி, கடைய மூடு. மாப்ளய நம்ம பண்ணைக்கு அனுப்பீரு. கேட்டுல உக்காரட்டும், கோழி எரு அள்ற ஆளுகள மேய்க்கட்டும். பண்ணையிலயே ஒரு ஊடு தாரேன், எல்லாரும் வந்துருங்க."

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். லாரிக்குச் சொந்தக்காரனாக அந்த ஊர் ரோட்டில் போனவன், மைத்துனன் பண்ணையின் கேட்டில் உட்கார வேண்டும். வசந்தாமணி புருஷனைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள்.

"வேற ஒரு யோசன இருக்குதுங்கண்ணா" என்றாள்.

அவள் யோசனை எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது. சேலத்தில் பையன்கள் டிவியோடு ஒரு பெட்டியைச் சேர்த்து வீடியோ கேம் ஆடுகிறார்களாம். அரை மணிக்கு இவ்வளவு என்று வாடகை. சைக்கிள் மாதிரிதான், ஆனால் பையன் எங்கேயும் போகமாட்டான், கண்ணெதிரே இருப்பான். அதுதான் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. எண்பத்தெட்டாம் வருஷத்துக் கோடை அது. பள்ளிக்கூடம் மூடப் போகிற நேரம்.

மயில்சாமி சிரித்தான். "சரி, லீவு முடியறதுக்குள்ள அது ஓடுச்சுன்னா நான் வாயத் தொறக்கறதில்ல. ஓடலீன்னா மாப்ள பண்ணைக்கு வந்தரோணும். பேச்சு மாறக்கூடாது."

"மாறமாட்டேனுங்க."

சேலத்தில் ராயப்பன் என்று ஒருவர், சர்ச்சுக்குப் பக்கத்துச் சந்தில் ரேடியோ, டிவி ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். கேம் ஆடுகிற கம்ப்யூட்டரைத் தானே சேர்த்துக் கட்டிக் கொடுப்பார் என்றார்கள். நானும் வசந்தாமணியும் பஸ் ஏறினோம். மத்தியானம் வருகிறோம் என்று சொல்லியனுப்பிவிட்டுக் காலையிலேயே போய் நின்றோம். அது அவள் வழக்கம். சொன்ன நேரத்துக்குப் போனால் சொன்னபடி தயாராக இருப்பார்களாம்.

ராயப்பன் எங்களைக் கண்டதும் பதறவில்லை. மேசைமேல் மூடி கழற்றிய ஒரு பெட்டி. உள்ளே பச்சைப் பலகை. அதில் கறுப்புக் கறுப்பாகச் சில்லுகள். நடுவில் பெரிதாக ஒன்று, இரண்டு பக்கமும் கால்களோடு பூரான் மாதிரி படுத்திருந்தது.

"இதுதாங்க மெயின் ஐ.சி. பிராசசர்னு சொல்லுவாங்க. பெட்டிக்கு மூளை" என்றார். "மத்ததெல்லாம் நான் போட்டுருவேன். இது நல்லதா இல்லீன்னா ஆட்டமே இல்ல. இதுல வேகமா ஓடறதுக்குன்னே செஞ்சது ஒண்ணு இருக்கு, மெதுவா ஓடறது ஒண்ணு இருக்கு. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதான்."

"ஒரே மாதிரியா இருந்தா எப்படிங்க கண்டுபுடிக்கறது?"

"மேல எழுதியிருக்கும்."

எனக்கும் எழுத்துத் தெரியாது, அவளுக்கும் இங்கிலீஷ் தெரியாது. எழுதியிருப்பதை எழுதினவன் சொல்கிறபடிதான் நம்ப வேண்டும். வசந்தாமணி மெல்லக் கையை நீட்டினாள். அந்தப் பூரான்மேல் உள்ளங்கையை வைத்தாள். சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"சூடா இருக்குதுங்களே. எப்ப இருந்து ஓடுது?"

"நேத்து சாயங்காலம் போட்டதுங்க. நீங்க வாரீங்கன்னுதான் நிறுத்தாம ஓட்டி வெச்சிருக்கேன். சூட்டுல நிக்குதான்னு பார்க்கோணுமில்ல?"

அவர் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. நீங்கள் வருகிறீர்கள் என்றுதான் ஓட்டி வைத்திருக்கிறேன் என்றதும் வசந்தாமணியின் முகம் கதவு சாத்தியதுபோல் ஆகிவிட்டது. ராயப்பனின் மனைவி இசபெல்லா காப்பி கொண்டுவந்தாள். வசந்தாமணி வாங்கிக்கொள்ளவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். காப்பி நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சந்துக்கு வெளியே வந்ததும் கேட்டேன். "ஏஞ் சாமி, ஆளு நல்லாத்தான பேசறாரு?"

"சங்ககிரியில லாரி வித்தவனும் நல்லாத்தானுங்கத்தை பேசுனான். டீகூட வாங்கிக் குடுத்தான். நாம வாரதுக்கு முன்னாலயே கெளப்பி வெச்சிருக்காரு. அணைச்சுட்டுக் குளுந்தப்பறம் போட்டா கெளம்பாது, பாருங்க."

அவள் சொன்னதில் எனக்குத் தப்புத் தெரியவில்லை. நாங்கள் பார்த்த எஞ்சின் அந்த ஒன்றுதான்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாரி என்பவன் மெட்ராசிலிருந்து சாமான் வரவழைத்து விற்கிறான் என்றார்கள். கண்ணாடி அலமாரி, கடை வாசலில் பூச்சரம், நெற்றியில் பெரிய சந்தனம். அவன் பெட்டி துணி போர்த்திக் கிடந்தது. வசந்தாமணி கேட்காமலேயே துணியை விலக்கி உள்ளே தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. அவள் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு.

"போடுங்க" என்றாள்.

மாரி ஆட்டம் பதிந்திருந்த கேசட்டைப் போட்டான். டேப் ரிக்கார்டர் கீச்சுக் கீச்சென்று கத்தியது. டிவியில் படம் வந்தது. ஒரு பொம்மை ஏணியில் ஏறி இறங்கியது. கொஞ்ச நேரம் காட்டிவிட்டு அவனே அணைத்துவிட்டான்.

"பார்த்தீங்களாக்கா? குளுந்து கெடந்தது, ஒரே சுவிட்சுல வந்துருச்சு. அதே ஐ.சி. இன்னொண்ணு டப்பாவுல இருக்கு. வேகமானது. தரட்டுங்களா?"

ஏன் இவ்வளவு சீக்கிரம் அணைத்தான் என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது. தோன்றியதைச் சொல்லவும் சொன்னேன். "கரண்டு மிச்சம் புடிக்கறானாட்ட இருக்குதுங்கத்தை" என்று வசந்தாமணி சொல்லிவிட்டாள்.

டப்பாவிலிருந்த ஐ.சி.யை வாங்கிக்கொண்டு மறுபடியும் ராயப்பனிடம்தான் போக வேண்டியிருந்தது. பெட்டி கட்டித் தர வேறு ஆள் இல்லை. அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எழுத்து என்னமோ புதுசா அடிச்ச மாதிரி இருக்கு. சத்தியமாச் சொல்ல முடியாது. கொண்டாந்துட்டீங்க, போட்டுத் தாரேன். ஆனா என்மேல பழி போடக்கூடாது."

"உங்க ஐ.சி.ய வாங்கலீன்னுதான இப்படிச் சொல்றீங்க?" என்று வசந்தாமணி முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

ராயப்பன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். இசபெல்லா மட்டும் உள்ளேயிருந்து, "கேக்கறவங்களுக்குச் சொல்லலாம், தொட்டுப் பார்க்கறவங்களுக்கு என்ன சொல்றது?" என்றாள்.

பள்ளிக்கூடம் மூடிய வாரத்தில் முன்னறையில் பெட்டியை வைத்தோம். சந்தனம், குங்குமம் வைத்துச் சூடம் காட்டி, எலுமிச்சம்பழத்தை வாசலில் நசுக்கி, லாரிக்குச் செய்கிறது எல்லாம் செய்தோம். பையன்கள் தெருவுக்கு வெளியே வரைக்கும் நின்றார்கள். காலை முழுக்க ஓடியது. வசந்தாமணி ராணி மாதிரி ஸ்டூல்மேல் உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் படம் அப்படியே நின்றுவிட்டது. பொம்மை ஏணியில் பாதியில் தொங்கியது. அணைத்துவிட்டுப் போட்டால் வெறும் கோடு கோடாக வந்தது. சாயங்காலம் குளிர்ந்ததும் ஒழுங்காக வந்தது. மறுநாளும் இதே கதை. அதற்கு மறுநாளும்.

யாரைத்தான் அவள் சந்தேகப்படவில்லை? முதலில் கரண்டு. நாமக்கல் கரண்டு அந்தக் கோடையில் நம்பக்கூடியதில்லைதான். மேலே மின்விசிறி எறும்பு ஊர்கிற மாதிரி சுற்றியது. ஸ்டெபிலைசர் வந்தது. பிறகும் நின்றது. அடுத்து பையன்கள்: "எவன்டா பொத்தானக் குத்துகுத்துன்னு குத்துனது?" அடுத்து கேசட். அடுத்து ராயப்பன், வேண்டுமென்றே எதையோ தளர்த்தி வைத்துவிட்டார் என்றாள். ஒருநாள் என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். நான் பெட்டிக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு வைத்திருந்தேனாம். மாரியை மட்டும் அவள் சந்தேகப்படவேயில்லை. அவன் பெட்டி ஜில்லென்று இருந்ததே!

பையன்கள் காசைத் திருப்பிக் கேட்டார்கள். மத்தியானக் கூட்டம் மெல்லக் குறைந்தது. லீவும் கரைந்துகொண்டிருந்தது.

ஒரு பகலில் பெட்டி நின்றதும், மூலையில் உட்கார்ந்திருந்த சென்னியப்பன் எழுந்து வந்தான். மூடியைக் கழற்றி இடது கை விரலை அந்தப் பூரான்மேல் வைத்தான்.

"கொதிக்குது" என்றான்.

வசந்தாமணி அவனையே பார்த்தாள். அவன் தானாக வந்து ஒரு விஷயம் பேசி வெகுநாளாகியிருந்தது.

"காலைல நிக்கறதில்ல. வெய்யில் ஏறுனாத்தான் நிக்குது" என்றான். "கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி ஏற்காட்டு மேடு ஏறுனா சில வண்டி கொதிச்சு நின்னுக்கும் பாரு, அதாட்டம்."

"குளுந்திருந்தாத்தான கெளம்பாதும்பாங்க?"

"அது எஞ்சினு. அதுலயும் அது ஒரு வியாதி, இது ஒரு வியாதி. நம்ம வண்டிக்கு அது இருந்துச்சு. எல்லாத்துக்கும் அதுவேவா இருக்கும்?"

சொல்லிவிட்டுப் பனையோலை விசிறியை எடுத்து இடது கையால் பெட்டிக்கு வீச ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடி போட்டார்கள். பொம்மை ஏணி ஏறியது. பையன்கள் கூச்சல் போட்டார்கள். அன்றிலிருந்து வெயில் ஏறினால் அவனுக்கு விசிறி வேலை. கை ஓய்ந்தால் ஆட்டம் நிற்கும்.

அந்தக் கோலத்தில்தான் மயில்சாமி வந்து பார்த்தான். வாசலில் நின்றபடியே சிரித்தான்.

"ஏன் மாப்ள, பொட்டிக்கு வீசறதுக்குக் கோழிக்கு வீசுனா அது முட்டையாச்சும் இடுமில்ல?"

பையன்களும் சிரித்துவிட்டார்கள். சென்னியப்பனின் விசிறி நின்றது. ஆட்டமும் நின்றது.

"லீவு முடியப் போவுது அம்மிணி. சட்டிபெட்டியெல்லாம் கட்டி வையி" என்று சொல்லிவிட்டு மயில்சாமி போனான். வசந்தாமணி அழவில்லை. பெட்டியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மறுநாள் முதல் பஸ்ஸில் சேலம் கிளம்பினாள். சொல்லாமல் கொள்ளாமல்தான். நானும் கூடப் போனேன்.

ராயப்பன் கடையில் அன்றைக்கு நாங்கள் வேண்டாமென்று விட்டுவந்த ஐ.சி., அவருடைய சொந்தப் பெட்டியில் ஓடிக்கொண்டிருந்தது. வசந்தாமணி தொட்டாள். அதே சூடு. இந்தத் தடவை கையை எடுக்கவில்லை.

"இன்னும் ஓடுதுங்களா?"

"அன்னைலேருந்து ஓடுது. அணைக்கறதே கடை சாத்தும்போதுதான்" என்றார். "உங்களுக்கு இதே மாதிரி புதுசு ஒண்ணு டப்பாவுல இருக்கு, எடுக்கட்டுங்களா?"

"டப்பாவுல இருக்கறது வேண்டாமுங்க. இதுதான் வேணும்."

"ஏனுங்க, அது புதுசுங்க! இது ஓடுனது."

"ஓடுனதுதான் வேணும். ஆனா நான் பார்க்கோணும்."

பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பது இல்லை. கடைக்குப் பின்னால் தகரம் வேய்ந்த தாழ்வாரம் ஒன்று இருந்தது. மத்தியான வெயிலில் உள்ளே நின்றால் உச்சி வேகும். பெட்டியை அங்கே கொண்டுபோய் வைக்கச் சொன்னாள். "மேட்டுல ஏத்திக் காட்டுங்க" என்றாள். ராயப்பனுக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். அவர் இசபெல்லாவைப் பார்த்தார், இசபெல்லா கூரையைப் பார்த்தாள். டிவியோடு தூக்கிக்கொண்டுபோய் வைத்தார்கள்.

வசந்தாமணி எதிரே உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு எழவில்லை. "நான் உள்ள போனா மாத்தீருவீங்க" என்று வெளிப்படையாகவே சொன்னாள். இசபெல்லா தட்டையே கொண்டுவந்து மடியில் வைத்தாள்.

"மீன் கொழம்பு. தொட்டுப் பார்த்துட்டே தின்னுங்க. சூடாத்தான் இருக்கும், எதையும் மறைக்கல."

வசந்தாமணிக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கண் தட்டில், ஒரு கண் டிவியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். வெயில் இறங்கிற்று. பொம்மை ஏணியில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, எனக்குத்தான் தலை சுற்றியது. ஒருதடவைகூட நிற்கவில்லை.

பெட்டியை அணைத்து ராயப்பன் அந்த ஐ.சி.யைப் பிடுங்கி எடுத்ததும், வசந்தாமணி கைப்பையிலிருந்து சாந்துச் சிமிழை எடுத்து அதன் முதுகில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தாள். மேச்சேரிச் சந்தையில் வாங்கின ஆட்டுக்கு அங்கேயே அடையாளம் வைப்பார்கள் இல்லையா, அப்படி.

"அதுல ஏற்கனவே பேரு எழுதியிருக்குதுங்க" என்றார் ராயப்பன்.

"அது அவங்க எழுதுனது. இது நான் வெச்சது."

அவர் அதை எங்கள் பெட்டியில் பொருத்திவிட்டு, "இது மெதுவா ஓடறதுங்க. மேல வேகமானதோட எழுத்த அடிச்சு வெச்சிருக்காங்க, அதான் கொதிச்சு நிக்குது" என்று மாரியின் ஐ.சி.யைக் கையில் கொடுத்தார். கிளம்பும்போது வசந்தாமணி அவரிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. இசபெல்லாவிடம் மட்டும், "அன்னைக்கு விட்ட காப்பி இருந்தாக் குடுங்க" என்றாள். மாரி தெரிந்தே கொடுத்தானா, அவனுக்கே வேறு யாராவது தலையில் கட்டினார்களா என்று ராயப்பனால் சொல்ல முடியவில்லை. மாரிக்குத் தெரியும் என்பதுதான் என் கட்சி. இல்லாவிட்டால் ஏன் அவ்வளவு சீக்கிரம் அணைத்தான்? அதை இன்றைக்கும் யார் வந்து சொன்னாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

லீவின் கடைசி வாரம். உச்சிவெயிலில் மயில்சாமி வந்தான். முட்டை லாரி ரோட்டில் நின்றது. சாமான்களைப் பண்ணைக்கு ஏற்றிப் போகலாம் என்று கூடவே ஆளும் கூட்டி வந்திருந்தான். முன்னறையில் நிற்க இடமில்லாமல் பையன்கள். சென்னியப்பன் யாருடைய முறை என்று பார்த்துப் பார்த்து உட்கார வைத்துக்கொண்டிருந்தான். விசிறி அவன் மடியில் இருந்தது. எப்போதாவது தனக்கு வீசிக்கொண்டான்.

மயில்சாமி பெட்டியைப் பார்த்தான், மாப்பிள்ளையைப் பார்த்தான்.

"இப்ப ஓடும். நான் அக்கட்டால போனா நின்னுக்கும்" என்றான்.

"அப்ப போகாதீங்கண்ணா. உக்காந்து பாருங்க" என்று வசந்தாமணி தன் ஸ்டூலை அவனுக்கு நகர்த்தினாள்.

அவனும் வீம்புக்கு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். பிறகு முன்னால் நகர்ந்தான். பிறகு பெட்டிமேல் கையை வைத்துப் பார்த்தான். "சுடுதே" என்றான் ஆசையாக.

"சுடும். ஓடுதில்ல?" என்றான் சென்னியப்பன்.

லாரி டிரைவர் இரண்டு தடவை ஆரன் அடித்துப் பார்த்தார். பிறகு அவரே வந்து எட்டிப் பார்த்தார். "நீ போப்பா, நான் பின்னால வாரேன்" என்றான் மயில்சாமி, டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல். முட்டை லாரி அவனை விட்டுவிட்டுப் போயிற்று. சாமான் ஏற்ற வந்த ஆளும் அதிலேயே போய்விட்டான். பெட்டி எப்போது நிற்கும் என்று மயில்சாமி சாயங்காலம் பால் கறக்கிற நேரம் வரைக்கும் காத்திருந்தான். அது நிற்கவில்லை. நடுவில் ஒரு பையன், "மாமா, நீங்க ஆடறீங்களா?" என்று கேட்டதற்கு அவன் ஆடவும் ஆடினான். மூன்று தடவையும் பொம்மை ஏணியிலிருந்து விழுந்து செத்தது.

எழுந்தபோது வசந்தாமணி கையை நீட்டினாள்.

"என்ன அம்மிணி?"

"அரை மணிக்கு வாடகைங்கண்ணா."

மயில்சாமி சட்டைப் பையைத் துழாவிக் கொடுத்தான். அவள் ரூபாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் டப்பாவில் போட்டாள். அவளுக்கு அண்ணன் வேறு, அண்ணன் கொடுக்கிற ரூபாய் வேறு. பண்ணைப் பேச்சு அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எழவில்லை.

கடை சாத்தும்போது பெட்டியை அணைத்துவிட்டு, புறங்கையை அதன் முதுகில் வைத்துப் பார்ப்பாள், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியில் வைக்கிற மாதிரி. சூடு இறங்குகிறவரைக்கும் அங்கேயே நிற்பாள். அப்புறம்தான் சோறு.